ஒத்துப் பார்க்க இன்னோர் ஓலை

பூச்சோங் பக்கம் ஒரு கோயிலின் செயலாளர், முப்பது வயதுத் தம்பி, கேட்டிருப்பது இது: "எங்கள் கோயில் முன்பு ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டத்தை விற்று, வீடமைப்புத் திட்டம் வந்து, கோயிலை நெடுஞ்சாலை ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த வருஷம் கும்பாபிஷேக மலர் போடப் போகிறோம். தகரப் பெட்டி ஒன்றில் பழைய கணக்கு நோட்டுகள் ஏழெட்டு கிடக்கின்றன. பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. போனில் படம் எடுத்துக்கொண்டு நோட்டுகளைக் கடலில் விட்டுவிடலாம் என்கிறார் தலைவர். அர்க்கிப்பில், அதாவது அரசாங்க ஆவணக் காப்பகத்தில், கொடுத்துவிடலாம் என்கிறார் பொருளாளர். அரசாங்கத்திடம் போனால் திரும்பாது என்கிறார்கள் பெரியவர்கள். பழைய நோட்டுக்கு அப்படி என்ன மதிப்பு? ஆவணக் காப்பகத்தில் இருந்தால் நம் அடையாளம் காப்பாற்றப்பட்டுவிடுமா? அதை நம்பலாமா?"

முதலில் உங்கள் தலைவரிடம் சொல்லிவிடுங்கள் தம்பி, கடலில் விட வேண்டாம். பின்னமான சிலையைக் கடலில் விடுவது மரபு. வரவு செலவுக் கணக்கைக் கடலில் விடுவதற்கு ஊரில் வேறு பேர் சொல்வார்கள்.

நான் முப்பது வருஷம் கோலாலம்பூரில் பழைய கோப்புகளைப் பிரித்து, தூசி தட்டி, பட்டியல் போட்டுப் பிழைத்தவன். உங்கள் கேள்விகளில் கடைசியில் நிற்பதுதான் தலையாயது: நம்பலாமா? அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆவணத்தை எப்படி நம்புவது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிக அழகான வழக்கு பெரிய புராணத்தில் இருக்கிறது. புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து நின்று, 'இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது' என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையினர் கிழவரிடம் கேட்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு. ஆட்சி என்பது வழிவழியாக அனுபவத்தில் இருந்து வந்தது. ஆவணம் எழுத்து. காட்சி, கண்டவர் சொல்லும் சாட்சி. கிழவர் அசரவில்லை. 'அவன் கிழித்தது படியோலை, மூல ஓலை இதோ' என்று இன்னொன்றை எடுக்கிறார்.

கதை கேட்கிறவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிட்டு மேலே போய்விடுவார்கள். என் தொழில்காரனுக்கு இதற்கு அடுத்து வருவதுதான் கதை. அவை அந்த மூல ஓலையையும் எடுத்த எடுப்பில் நம்பவில்லை. கையெழுத்துப் போட்ட சாட்சிகள் பார்த்து, எங்கள் எழுத்துத்தான் என்கிறார்கள். அதுவும் போதவில்லை. பாட்டனார் கைப்பட எழுதி வேறோர் இடத்தில் காவலில் இருந்த இன்னோர் ஓலையை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். அப்புறம்தான் தீர்ப்பு. அந்தக் காவல் இடத்தைச் சேக்கிழார் 'அரண்தரு காப்பு' என்கிறார். ஆவணக் காப்பகத்துக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. வந்த கிழவர் சிவபெருமான். அவருக்கே அந்தச் சோதனை என்றால் கோயில் கமிட்டிக்கும் அமைச்சுக்கும் விலக்கு உண்டா?

தனியாக இருக்கும் தாள் எவ்வளவு பழையதானாலும் அதன் சொல் பாதிச் சொல்தான். வேறொருவர் காவலில், வேறொரு காரியத்துக்காக எழுதின இன்னொரு தாள் அதே சேதியைச் சொல்லும்போது நமக்குத் தெம்பு வருகிறது. உங்கள் தகரப் பெட்டிக்கு மதிப்பு அங்கேதான். அது இரண்டாவது ஓலை. முதல் ஓலை துரையிடம் இருக்கிறது.

மலாயாத் தமிழரைப் பற்றி எழுதிக் குவித்தவர்கள் பெரும்பாலும் நமக்குச் சம்பளம் கொடுத்தவர்களும் நம்மை எண்ணிக்கொண்டிருந்தவர்களும்தான். கோலாலம்பூர் ஜாலான் டூத்தாவில், இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம், தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் காலனித்துறைக் கடிதங்கள், சி.ஓ. 273 என்றால் நீரிணைக் குடியேற்றங்கள், சி.ஓ. 717 என்றால் கூட்டு மலாய் மாநிலங்கள். சென்னை எழும்பூரில் 1909-ல் கட்டின சிவப்புக் கட்டடத்தில் மதராஸ் அரசின் பக்கம். இவற்றில் நாம் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறோம். ஆனால் தலை எண்ணிக்கையாக இருக்கிறோம். இந்தக் கப்பலில் இத்தனை பேர், இந்தத் தோட்டத்தில் காய்ச்சலில் இத்தனை பேர், ஆணுக்கு இவ்வளவு காசு, பெண்ணுக்கு அதைவிடக் குறைத்து இவ்வளவு காசு.

இதில் நமக்கு ஒரு தனி நஷ்டம் உண்டு. மொரிஷியஸுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு இருந்தது. எண், தகப்பன் பேர், ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். மொரிஷியஸில் ஒரு கட்டத்துக்கு மேல் போட்டோவும் எடுத்தார்கள். அந்தப் பதிவேடுகள் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. கொள்ளுப்பேரன் போய்த் தேடி முகத்தையே பார்க்கலாம். இங்கே பெரும்பாலோர் வந்தது கங்காணி முறையில். ஊருக்குப் போன கங்காணி தன் ஜனத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார், நாகப்பட்டினத்தில் ஏற்றிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறக்கினார்கள். ஆளுக்கொரு கோப்பு என்று அடுத்தடுத்து வரும் வரிசை இல்லை. 'என் தாத்தா எந்த ஊர் என்று அர்க்கிப்பில் கிடைக்குமா' என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். அனேகமாகக் கிடைக்காது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்படியானால் பேர் எங்கே இருக்கிறது? தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பேரேட்டில், இருந்தது. தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. கோயில் நோட்டில் இருக்கிறது.

நான் பார்த்த ஒரு நோட்டைச் சொல்கிறேன். உலு சிலாங்கூர் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில். என் நண்பர் ஒருவர் அரிசிப் பையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்தார். நீளவாக்கில் கட்டின தடித்த நோட்டு, முதுகில் சிவப்புத் துணி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி, தமிழ் வருஷம். எழுதினவருக்கு நல்ல கை, கடைசிப் புள்ளியைக்கூட விடமாட்டார். கற்பூரம், நல்லெண்ணெய், உடுக்கைக்காரருக்கு வேட்டி, கடா ஒன்று. பின்பாதியில் தலைக்கட்டு வரி, லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் வீடு வாரியாக.

சுபானு வருஷப் பட்டியல். அதாவது 1943 சித்திரைக்கு மேல், ஜப்பான்காரன் காலம். பேர்களுக்குப் பக்கத்தில் வரித்தொகை வர வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு 'ச'. முதலில் எனக்குப் புரியவில்லை. சரி போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு பக்கம் தள்ளி ஓரிடத்தில் மட்டும் முழுதாக எழுதியிருந்தார், 'சயாம்' என்று. திரும்பி வந்து எண்ணினேன். 23 'ச'. அடுத்த தாரண வருஷப் பட்டியலிலும் அந்த 23 பேரையும் விடாமல் எழுதி, பக்கத்தில் அதே எழுத்து. வரி வராது என்று தெரிந்தும் எழுதியிருக்கிறார். பார்த்திப வருஷத்தில், சண்டை முடிந்த பிறகு, 6 பேருக்கு நேரே தொகை வந்துவிட்டது. மற்ற 17 பேர் பட்டியலில் இல்லை. அடித்தலும் இல்லை, குறிப்பும் இல்லை. அவர்கள் வீட்டு எண்ணுக்கு நேரே நாலு இடத்தில் பெண் பேர் வந்திருந்தது.

சயாம் என்ற இன்றைய தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில்பாதை 415 கிலோமீட்டர். அதைப் போட்டு முடிக்கும்போது மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுதான் உண்டு, கணக்கு இல்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். ஏறக்குறைய 7,000 பேர், புல்லை ஒட்டக் கத்தரித்து, வரிசையாக, மிகப் பலருக்கு ஆளுக்கொரு பேர்ப்பலகை. வெள்ளைக்காரக் கைதிகள். அவர்களுக்கு ராணுவப் பட்டியல் இருந்தது, கைதிகளே உயிரைப் பணயம் வைத்துப் பேர் எழுதி ஒளித்து வைத்தார்கள். நம் ஆட்களுக்குப் பட்டியல் எழுத யாரும் இல்லை. உலு சிலாங்கூரில் ஒரு கோயில் கணக்குப்பிள்ளை, வரி வசூலுக்காக, 23 தரம் 'ச' என்று எழுதினார். அவருக்குத் தெரிந்து செய்த சரித்திர வேலை இல்லை அது. அதனால்தான் அதை நான் நம்புகிறேன். யாருக்கும் காட்டுவதற்காக எழுதாத கணக்கில் பொய் சொல்ல அவருக்கு என்ன தேவை?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, துரை எழுதினதெல்லாம் குப்பை, நாம் எழுதினது மட்டும் வேதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். சர்க்கார் கோப்புகளுக்கு இது கலகம், தூண்டிவிட்டவர்களின் வேலை. ஆனால் தொழிலாளர் கேட்டது என்ன என்பதும் அதே சர்க்கார் காகிதங்கள் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி. கள்ளுக்கடையை மூடு. பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்து. உறவுக்காரர் தோட்டத்துக்குள் வந்து போக விடு. அப்புறம் ஒன்று: துரையையும் அவர் குமாஸ்தாவான கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

இந்தக் கடைசிக் கோரிக்கையைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் கோப்பை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை எந்த மலரில் எந்தக் கவிஞர் இதைவிடச் சுருக்கமாக எழுதப் போகிறார்? எதிரியின் பெட்டியில் கிடந்த நம் சொல் அது. துரை எழுதினதைத் துரைக்கு எதிராகப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. 1957-ல் நாட்டை ஒப்படைப்பதற்கு முன் ஐந்து லாரி நிறையக் காகிதத்தைச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். எரிக்காமல் லண்டனுக்கு அள்ளிக்கொண்டு போனதைப் பல காலனி நாடுகளின் கோப்புகளோடு ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, அப்படி ஒன்று இருப்பதாகவே மூச்சு விடவில்லை. கென்யாவின் மாவ் மாவ் போராளிகள் போட்ட வழக்கில் 2011-ல்தான் குட்டு உடைந்தது. இப்போது எஃப்.சி.ஓ. 141 என்ற எண்ணில் கியூவில் பார்க்கலாம், மலாயாக் கோப்புகளும் அதில் உண்டு. லாரி எரிந்த அதே 1957-ல், டிசம்பர் 1-ஆம் தேதி, இங்கே பொது ஆவண அலுவலகம் திறந்தார்கள். அதுதான் 1963-ல் தேசிய ஆவணக் காப்பகம் ஆனது. சாம்பல் ஆறும் முன்னே பெட்டி வாங்கினது மாதிரி.

ஆக, பெரியவர்களின் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்தக் காப்பகமும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை. எதை வைப்பது, எதைக் கழிப்பது, எதை எத்தனை வருஷம் பூட்டுவது என்று உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஆனால் நம் சந்தேகம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில்தான் எனக்கு மாறுபாடு. 2003-ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி அரசாங்க இலாகா ஒன்று தன் பதிவேட்டைத் தன்னிஷ்டத்துக்கு அழிக்க முடியாது, காப்பகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் கோயிலுக்கு அந்தச் சட்டம் கை வைக்காது. தோட்டக் கம்பெனிக்கும் அப்படித்தான். உங்கள் தலைவர் நினைத்தால் நாளைக்கே போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் பெட்டியோடு போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பத்திரிகையும் பாதிதான் தப்பும். 1924-லிருந்து இங்கே வந்துகொண்டிருந்த 'தமிழ் நேசன்' 2019-ல் நின்றது. அச்சான இதழை நூலகம் வாங்கி வைக்கச் சட்டம் உண்டு. பத்திரிகை நிலையத்துக்கு வரும் வாசகர் கடிதம், அச்சேறாத போட்டோ, பிலிம் சுருள் இதற்கெல்லாம் எந்தப் பத்திரிகையானாலும் முதலாளியின் மனசுதான் சட்டம். நம் நினைவில் பெரும்பகுதி அழிந்தது பூட்டின அறைக்குள்ளே இல்லை. ஐம்பது அறுபதுகளில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் நடந்தபோது ஆபீஸ் வாசலில் குவித்துக் கொளுத்தினார்களே, அந்தத் தீயில்.

அடையாளம் என்று கேட்டீர்களே, அதற்கு என் பெரியம்மா கதை. தோட்டத்தில் பிறந்தவர், சண்டைக்கு முன். பிறப்புச் சூராட், அதாவது சான்றிதழ், கிடையாது. பெரியப்பா போன பிறகு பார்த்தால் அவர் கையில் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. இந்த மண்ணை விட்டு ஒரு நாள் வெளியே போகாதவர், காகிதத்தில் பிரஜை இல்லை. போதாக்குறைக்கு ஐசியில் பச்சையம்மா, பெற்ற மகளின் சூராட்டில் பேச்சாயி. எழுதின கிராணிக்கு எந்தப் பேர் காதில் விழுந்ததோ. நாலைந்து வருஷம் கௌண்டர் கௌண்டராக அலைந்தோம். 'நீங்கள் இங்கே பிறந்ததற்கு என்ன ஆதாரம்' என்று கேட்ட பிள்ளைக்கு வயது இருபத்தைந்து இருக்கும். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "நான் இங்க நிக்கிறது தெரியலையாமா?"

கடைசியில் வழி திறந்தது ஒரு பள்ளிக்கூடத்துப் பதிவேட்டால். தோட்டப் பள்ளி மூடி வேறிடம் போனபோது ஒரு தலைமையாசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கட்டித் தன்னோடு தூக்கிக்கொண்டு போயிருந்தார். 1946-ல் பெரியம்மா சேர்ந்த வரி அதில் இருந்தது. பேர், தகப்பன் பேர், வயது, பிறந்த இடம் இதே தோட்டம். அதோடு, அதே லயத்தில் வளர்ந்த ஒரு கிழவர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, மூன்றும் சேர்ந்து பிரஜைக்கான ஒரு நீல ஐசி. அதை வாங்கின அன்று பெரியம்மாவுக்கு எழுபது நெருங்கிவிட்டது. அந்தத் தலைமையாசிரியரின் பேர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இனி உங்கள் மலர் விஷயம். பழைய நோட்டைத் திறந்தால் உங்களுக்குப் பிடிக்காததும் வரும். தலைக்கட்டு வரியைச் சாதி வாரியாகப் பிரித்து எழுதியிருக்கலாம். திருவிழாவில் யார் எந்த நாள் உபயம், யாருக்குத் தனிப்பந்தி என்று இருக்கலாம். கள்ளுக்கடைச் சண்டைக்கு யார் எவ்வளவு அபராதம் கட்டினார் என்று இருக்கலாம். 'அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு மீதியைக் கொடுக்கலாமா' என்று ஒரு கோயிலில் என்னிடமே கேட்டார்கள். கிழித்தால் மீதிப் பக்கங்களும் செத்துப்போகும். நாளைக்கு ஒருவர் அந்தத் தையலில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கைப் பார்ப்பார். ஏன் கிழித்தார்கள் என்று கேட்பார். அதற்குப் பிறகு கற்பூரக் கணக்கைக்கூட நம்ப மாட்டார். அதற்காக அந்தப் பக்கத்தை மலரில் போடுங்கள் என்றும் சொல்லவில்லை. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் உங்கள் கோயிலுக்கு வருகிறார்கள். அந்த நோட்டு இத்தனை வருஷத்துக்கு ஆய்வாளருக்கு மட்டும், அச்சில் போடக் கூடாது என்று எழுதி மூடி வைக்கலாம். மூடுவது வேறு, கிழிப்பது வேறு.

இன்னொன்று, உங்கள் கோயில் வாசல் வளைவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் கோயில்களுக்கு வயது ஏறுகிற வேகம் மனுஷனுக்கு ஏறுவதில்லை. பத்து வருஷத்துக்கு முன் எண்பது ஆண்டுக் கோயிலாக இருந்தது இன்றைக்கு நூற்றிருபது ஆண்டுக் கோயில். இடம் மாற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தால் இன்னும் இருபது கூடும். அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது, நிலப்பத்திரம் இல்லாதவனுக்கு வயதுதான் பத்திரம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு பழைய நில அளவை வரைபடத்தை எடுத்து வைத்தால் கதை முடிந்தது. ஒரு இடத்தில் கூட்டிச் சொன்னது பிடிபட்டால் மற்ற பத்து இடத்தில் சொன்ன உண்மையும் அதோடு போகும். உங்கள் நோட்டின் முதல் பக்கம் 1921 என்றால், '1921-ல் இங்கே கோயில் இருந்து திருவிழாவும் நடந்திருக்கிறது' என்று எழுதுங்கள். அதற்கு முன்னால் இருந்ததாகப் பாட்டி சொன்னால், பாட்டி சொன்னதாகவே எழுதுங்கள். அதுவும் காட்சிதான், மதிப்பு உண்டு. கல்வெட்டாக ஆக்கிவிடாதீர்கள். கல்வெட்டே ஒருபக்கச் சாட்சிதான். ராஜேந்திரன் கடாரம் கொண்டான் என்று தஞ்சைக் கோயில் சுவர் சொல்கிறது. அந்தக் கடாரமான கெடாவில் இருந்தவன் அன்றைக்கு என்ன சொன்னான் என்று படிக்க நமக்குச் சுவர் இல்லை. இருந்த கொஞ்ச மிச்சத்திலும், பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி எனப்படும் பழங்காலக் கோயில் ஒன்றை 2013-ல் வீடு கட்டுவதற்காக இடித்துத் தள்ளினது ஊருக்கே தெரியும்.

சரி, பெட்டியை என்ன செய்வது? வெயிலில் காய வைக்காதீர்கள். நனைந்திருந்தால் விசிறிக் காற்று போதும். பூச்சிக்கு நாப்தலின் உருண்டை வேண்டாம், கிழிசலுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம், பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். லேமினேட் செய்து தருகிறேன் என்று ஒருவர் அன்போடு வருவார், அவரை உள்ளே விடாதீர்கள். இராமபாணப் பூச்சியைவிட லேமினேஷன் அதிகம் கொன்றிருக்கிறது. குண்டூசி, ரப்பர் பேண்ட் எல்லாம் எடுத்துவிடுங்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, அமிலமில்லாத காகிதப் பெட்டியில், படுக்கை வாட்டில், தரையிலிருந்து ஒரு முழம் மேலே வையுங்கள். கோயிலில் வேண்டாம். எண்ணெய்ப் புகையும் அபிஷேக ஈரமும் ஆகாது.

பிறகு பட்டியல். படம் எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் ஓர் எண், எத்தனை பக்கம், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம், யாருடைய கையெழுத்து. முக்கியமாக, அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது. கங்காணி வீட்டில் இருந்ததா, பூசாரி வீட்டுப் பரணிலா, எந்த வருஷம் இந்தப் பெட்டிக்கு வந்தது? இந்தக் கைமாறின கதை இல்லாத ஆவணம் தகப்பன் பேர் இல்லாத சூராட் மாதிரி. தலைவரின் போன் படத்துக்கும் இதே கதிதான். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், தேதி போகும், எந்த நோட்டில் எந்தப் பக்கம் என்பது போகும். இப்போது பழைய மாதிரியே போலிப் படம் செய்ய ஒரு நிமிஷம் போதும். மூலம் கையில் இல்லாதவன் தன் படம் நிஜம் என்று எதை வைத்து நிரூபிப்பான்? சுந்தரர் கிழித்தது படியைத்தான். மூலத்தைக் கிழித்திருந்தால் வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு கைலாயத்துக்கே திரும்பியிருக்க வேண்டும். ஆகவே ஸ்கேனரில், பக்கம் விடாமல், காலிப் பக்கம் உட்பட, சுருக்காத கோப்பாக எடுங்கள். மூன்று பிரதி வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

மூலத்தைக் காப்பகத்தில் கொடுப்பதா என்றால், கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. தனியார் சேகரிப்புகளையும் அங்கே வாங்குகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-லிருந்து இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பாருங்கள். ஆனால் வெறுங்கையோடு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். உங்கள் பட்டியலின் ஒவ்வொரு தாளிலும் வாங்கினவர் கையெழுத்து வேண்டும். இது அன்பளிப்பா, வைப்பா, எந்த நோட்டு எத்தனை வருஷம் மூடி இருக்க வேண்டும், கோயிலுக்கு எப்போது வேண்டுமானாலும் பார்க்க உரிமை உண்டா, எல்லாம் எழுத்தில். பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். குளிரூட்டின அறையில் அவர்கள் கொண்டுவந்த நோட்டைப் பெட்டிக்குள் வைக்கும்போது நிறைய சந்தேகம் தானாகவே இறங்கிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. உங்கள் கோயிலுக்கு வரும் பாட்டிகளில் மூத்தவரை உட்கார வைத்து, பழைய வரிப்பட்டியலை ஒவ்வொரு பேராக வாய்விட்டுப் படியுங்கள். போனில் பதிவை ஓடவிடுங்கள். 'அது நம்ம மூணாம் வீட்டு வேலன், ரெண்டு பேர் இருந்தாங்க, இவரு கால் நொண்டி' என்று வரும். அது எந்தக் கோப்பிலும் இல்லை. ஒரு நாளைக்கு இருபது பேருக்கு மேல் படிக்காதீர்கள், அழுதுவிடுவார்கள்.

காப்பகத்துக்கு வரும் அன்று பென்சில் எடுத்து வாருங்கள். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையில் விபூதி இருந்தால் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.